பட்டா நிலத்தில் நிற்கும் சோலையைப் பாகப்பிரிவினைக்குப் பின்னும் காப்பாற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கீழ்ப்பழநி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், அப்பா பெயரில் 38 ஏக்கர் காப்பித் தோட்டம். அதில் ஓடையை ஒட்டி 9 ஏக்கர் மட்டும் தாத்தா காலத்திலிருந்து கோடரி படாத சோலை. அப்பாவுக்கு வயது 79. மூன்று பிள்ளைகளில் நீங்கள் ஒருவர்தான் மலையில் இருக்கிறீர்கள். அண்ணன் சென்னையில், தங்கை வெளிநாட்டில். "அந்தச் சோலையை நிரந்தரமாகக் காக்கச் சட்டத்தில் வழி உண்டா, வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா, உள்ளே ஏதாவது நட வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மலைகளில் சோலை நாற்றங்கால் வேலையும், அதை ஒட்டி வருகிற நிலப் பத்திர வேலையுமாக இருபது வருடத்துக்கு மேல் கழித்தவன் நான். அதில் நான் கண்டுகொண்டது ஒன்று. தனியார் நிலத்தில் நிற்கிற பழைய காடு சாவது பெரும்பாலும் பட்டாவில் பெயர் மாறுகிற காலத்தில்தான். ஒருவர் அறுபது வருடம் காவல் காத்திருப்பார். அவர் போனபின், அந்தப் பங்கு யாருக்குக் கடன் இருக்கிறதோ அவருக்கு விழும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவரின் கருமாதி முடிந்து நான்கு மாதத்தில் பாகம் பிரித்தார்கள். அடுத்த கோடைக்குள் ஏழு ஏக்கர் சோலை காலி. காய்ந்த மரம் என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார்கள். லாரியில் போனது பச்சை மரம். பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெரியவர் மனதில் இருந்த கட்டுப்பாடு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் "அப்பா இருக்கும்வரை பயமில்லை" என்று நீங்கள் எழுதியிருந்த வரிதான் என்னைக் கலங்க வைத்தது. அப்பா இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

உலகத்தில் இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் வடகோடியில் ஹம்போல்ட் மாவட்டத்தில் பசிபிக் லம்பர் என்று ஒரு மரக் கம்பெனி. அவர்களிடம் இருந்தது ரெட்வுட் காடு. உலகிலேயே மிக உயரமாக வளர்கிற மரம் ரெட்வுட். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு வாழும். மர்ஃபி குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்திய அந்தக் கம்பெனி, காட்டை மொட்டையடிக்காமல் மரங்களைப் பொறுக்கி வெட்டுவது, வளர்கிற அளவை மீறி வெட்டாமல் இருப்பது என்று பல பத்தாண்டுகள் கட்டுப்பாடாக இருந்தது. சுற்றிலும் மற்றவர்கள் வெட்டித் தீர்த்துவிட, 1980-களில் தனியார் கையில் மிஞ்சியிருந்த மூத்த ரெட்வுட் காட்டில் மிகப் பெரிய பங்கு இவர்களிடம்தான் நின்றது. அந்தச் சிக்கனமே அவர்களுக்கு வினையானது. நிற்கிற மரத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் கம்பெனியின் பங்கு விலை மலிவு என்று கணக்குப் போட்ட மேக்ஸாம் என்ற நிறுவனம், 1985-86-இல் பெரும் கடன் வாங்கிக் கம்பெனியையே வளைத்துப் போட்டது. கடனை அடைக்க வேண்டுமே. வெட்டும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

பிறகு நடந்ததெல்லாம் போராட்டம். ஜூலியா பட்டர்ஃப்ளை ஹில் என்ற இளம்பெண் 1997 டிசம்பரில் ஒரு ரெட்வுட் மரத்தின் மேல் ஏறி, 738 நாட்கள் இறங்காமல் அங்கேயே வாழ்ந்தார். 1998 செப்டம்பரில் வெட்டுக்குத் தடையாக நின்ற இளைஞர் ஒருவர், வெட்டிச் சாய்த்த மரத்தின் அடியில் சிக்கி இறந்தார். கடைசியில் 1999 மார்ச்சில் மத்திய அரசும் கலிஃபோர்னியா அரசும் சேர்ந்து 38 கோடி டாலர் கொடுத்து ஏறத்தாழ 7,400 ஏக்கரை வாங்கின. ஹெட்வாட்டர்ஸ் என்ற பெயரில் அது இன்று பாதுகாக்கப்பட்ட காடு. அதிலும் பாதிக்கும் குறைவான பரப்புதான் வெட்டுப்படாத மூத்த காடு. கம்பெனி 2007-இல் திவாலானது.

மர்ஃபி குடும்பத்தைவிட நல்ல உடைமையாளரைக் காட்டுவது கடினம். ஆனால் அவர்களுடைய கட்டுப்பாடு பழக்கத்தில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. கம்பெனி கைமாறிய அன்றே அதுவும் போயிற்று.

நம் பக்கத்துக் கதையும் வேறில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கையை விட்டுப் போகப் போகிறது என்று தெரிந்ததும் ஜமீன்தார்கள் பலர் காட்டை மரக் காண்டிராக்டர்களிடம் விட்டுக் காசாக்கினார்கள். அந்த வெட்டைத் தடுக்கத்தான் 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் 1971-இல் மலபார்ப் பகுதித் தனியார் காடுகளை இழப்பீடு இல்லாமலே அரசு எடுத்துக்கொண்டது. "காடாக விட்டுவைத்தால் அரசு எடுத்துக்கொள்ளும்" என்ற பயம் தோட்டக்காரர்கள் மனதில் ஊறியது அங்கிருந்துதான். அந்தப் பயம் இன்றைக்கும் எத்தனையோ மரங்களைக் கொல்கிறது. உங்கள் அண்ணனும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லாதீர்கள்; அதற்கு வரலாறு இருக்கிறது.

நீலகிரி மாவட்டக் கூடலூரில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரை உடைமையாக வந்த நிலங்கள், இருந்தன. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம் அவற்றை அரசின் பக்கம் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வரவே 1974 ஆகிவிட்டது. யாருக்கு எது சொந்தம் என்று முடிவாகாமல் இழுத்த அந்த இடைவெளியில் மரம் போய்க்கொண்டே இருந்தது. தன் முன்னோர் வைத்திருந்த காடு வெட்டுப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு. அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவுதான் உங்கள் 9 ஏக்கர் வரைக்கும் நீள்கிறது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டில்லை என்று அதில் நீதிமன்றம் சொன்னது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிற வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-இல் திருத்தி, காடாக அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும் அரசுப் பதிவேடுகளில் காடு என்று பதிவான நிலத்துக்கும் மட்டும் அந்தப் பொருளைச் சுருக்கினார்கள். அது வழக்கில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம், இப்போதைக்கு 1996-இன் பொருளே தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஆகவே இன்று உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பில் ஒரு பகுதி, இன்னும் முடியாத ஒரு வழக்கின் மேல் நிற்கிறது. அதை நம்பி வாளாவிருக்கக் கூடாது.

முதலில் உங்கள் நிலம் பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்று பாருங்கள். சிட்டாவோடு நிறுத்தாதீர்கள். கிராம 'அ' பதிவேட்டின் நகல், புலப்பட வரைபடம், முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றையும் வாங்குங்கள். 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே தனியார் காடு என்ற குறிப்போ, 1949 சட்டத்தின் கீழ் அறிவிக்கை வந்ததற்கான குறிப்போ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. மரமும் வெட்ட முடியாது. குறிப்பு இல்லாவிட்டாலும் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பட்டா மரத்துக்கும் பொருந்தும். கட்டடம், மனைப்பிரிவு என்று போனால் 1990-இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வழியாகப் போக வேண்டும்.

இத்தனை சட்டம் இருக்கும்போது இன்னும் என்ன வேண்டும் என்று தோன்றும். மூன்று ஓட்டைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரத்தைச் சுற்றி அடியில் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் ஒரு வருடத்தில் அது தானே காய்ந்த மரம். பெரிய மரத்தைத் தொடாமல், கீழே இருக்கிற கன்று, கொடி, புதர் எல்லாவற்றையும் கத்தியால் சுத்தம் செய்து ஏலமோ மிளகோ போட்டால் மரம் வெட்டியதாகக் கணக்கில் வராது; காடு மட்டும் செத்துப்போகும். மூன்றாவது நெருப்பு, மாசி, பங்குனியில் பக்கத்து நிலத்தில் வைத்த தீ ஓடை வரை இறங்கியது என்று சொல்லிவிடலாம். சட்டம் வெட்டுவதைத்தான் தடுக்கிறது. உயிரோடு வைத்திருக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இனி நிரந்தர ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

வனத்துறைக்கே எழுதிக் கொடுப்பதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லைக்கல்லை ஒட்டி உங்கள் சோலை இருந்தால் யோசிக்கலாம். தோட்டங்களுக்கு நடுவே தீவு மாதிரி கிடக்கும் 9 ஏக்கருக்குத் தனியாக ஒரு காவலர் வரமாட்டார். மலையிலேயே குடியிருக்கிற உங்களைவிட அதை நன்றாகக் காக்கக் கூடியவர் இன்று யாரும் இல்லை.

மேலைநாடுகளில் இதற்கென்றே ஒரு வழி உண்டு. நிலம் உங்களுடையதாகவே இருக்கும். காட்டை அழிக்கும் உரிமையை மட்டும் ஒரு பொது அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். அந்தக் கட்டு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த உடைமையாளரையும் பிடிக்கும். நம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு நேரான இடம் இல்லை. நம் சட்டத்தில் வசதியுரிமை என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கிற உரிமை. பக்கத்தில் நிலமே இல்லாத ஒரு அமைப்பு அதை வைத்திருக்க முடியாது. உயிலில் "என் வாரிசுகள் இதை எக்காலத்திலும் விற்கக் கூடாது" என்று எழுதினாலும் நிற்காது. அப்படி முழுக்கக் கட்டுப்போடுவது செல்லாது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இருக்கிற கொள்கை.

அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவில் உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒருவர் தன் நிலத்தை நல்லபடியாக அனுபவிப்பதற்காக, பக்கத்து நிலத்தில் இன்னதைச் செய்யாதே என்று தடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தால் பெற்றிருந்தால், அது தெரிந்து அந்த நிலத்தை வாங்குகிறவரையும் அந்தத் தடை கட்டும். உங்கள் சோலைக்குள்தான் ஓடையின் ஊற்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாசியில் காப்பிப் பூவெடுக்கத் தெளிப்புநீர் பாய்ச்சுவதும், மார்கழியில் பழம் அரைத்துக் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தானே? அப்படியானால் மூன்று பிள்ளைகளின் பங்குக்கும் அந்தச் சோலை தலைமடை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சோலையின் நான்கு எல்லையையும் தனி அட்டவணையாக எழுதி, "மூன்று பங்கின் பாசனத்துக்கும் ஊற்று வற்றாமல் இருக்கும் பொருட்டு, இந்த அட்டவணை நிலத்தில் மரம் வெட்டுவதோ, அடிக்காடு அழிப்பதோ, பயிரிடுவதோ, கட்டடம் எழுப்புவதோ கூடாது, மீறினால் மற்ற இரு பங்குதாரரும் தடுக்கலாம்" என்று எழுதலாம். பதிவான பத்திரம் வில்லங்கத்தில் வரும்; வாங்குகிறவர் தெரியாது என்று சொல்ல முடியாது. வாசகத்தைச் சொத்து வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுதுங்கள். பத்திர எழுத்தரின் வழக்கமான நகலில் இது அடங்காது.

சோலையை மட்டும் "பொதுவில் விட்டுவிடலாம், மூவருக்கும் பாத்தியம்" என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டுப் பாத்தியத்தில் யார் வேண்டுமானாலும் என்றைக்கு வேண்டுமானாலும் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். மூன்று பேர் முப்பது வருடத்தில் பதினொரு பேர் ஆவார்கள். சோலை ஒருவர் பெயருக்கு வரட்டும். அதற்கு ஈடாக மற்ற இருவருக்கும் காப்பி நிலத்தில் கூடுதல் பங்கு போகட்டும். நீங்கள் விட்டுக்கொடுக்கிற அந்த இரண்டு மூன்று ஏக்கர் காப்பிதான் இந்தக் காட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவே இப்போது செட்டில்மென்ட் எழுதி, தன் ஆயுள் வரை அனுபவ உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அவர் தனியாக எழுத முடியுமா, பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டுமா என்பது தாத்தாவிடமிருந்து சொத்து எந்த வழியில் அவருக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. மூலப்பத்திரத்தோடு போய்க் கேளுங்கள்.

இதற்கு மேலும் இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பொது அறக்கட்டளை. காட்டையும் நீரூற்றையும் காப்பதே நோக்கம் என்று பத்திரம் எழுதிப் பதிந்து நிலத்தை அதன் பெயருக்கு மாற்றிவிட்டால் அது குடும்பச் சொத்து இல்லை. அறங்காவலர்கள் தடம் மாறினால், அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு உள்ள முத்திரைச் சலுகை இதற்குக் கிடைக்காது. அறங்காவலர்களில் பாதிப் பேராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும், பத்திரத்தில் விற்கும் அதிகாரம் என்ற வரி எங்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவில் வருகிற சமுதாயக் காப்பகம். 2002 திருத்தத்தில் வந்தது. தனியாரோ ஒரு சமூகமோ தானாக முன்வந்தால் அவர்கள் நிலத்தை அரசு இப்படி அறிவிக்கலாம். நிலம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் அதன்பின், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை யாராலும் மாற்ற முடியாது. யார் வாங்கினாலும் இது நிலத்தோடு போகும். நாட்டில் முதலில் வந்தவற்றில் ஒன்று கேரளத்தின் கடலுண்டி–வள்ளிக்குன்னு. வடகிழக்கில், குறிப்பாக மேகாலயத்தில், நிறைய இருக்கின்றன. நம் பக்கம் தனி ஒருவர் தன் பட்டா நிலத்துக்குக் கேட்பது புதிது. கோப்பு நகர வருடங்கள் ஆகும், பஞ்சாயத்தையும் உடன் அழைத்துப் போக வேண்டும். ஒருமுறை அறிவித்துவிட்டால் எளிதில் திரும்ப முடியாது என்பதையும் அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

என் யோசனை இது: பாகப்பத்திரத்தில் தடை வாசகத்தை இந்த வருடமே ஏற்றுங்கள். மற்ற இரண்டையும் சோலை உங்கள் பெயருக்கு வந்தபின் நிதானமாகப் பார்க்கலாம்.

நட வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போய் உட்கார்ந்து தரையைப் பாருங்கள். தலைக்கு மேல் நிற்பது சோலைவேங்கை, சந்தனவேம்பு, குளமாவு, கருங்குங்கிலியம், நாவல் என்றால், கீழே நிழலில் அவற்றின் கன்றுகள் இருக்கின்றனவா? விரல் உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று என்று எல்லா வயதிலும் இருந்தால் காடு உயிரோடு இருக்கிறது. நீங்கள் எதையும் நட வேண்டாம். கத்தி எடுத்து உள்ளே போகாமல் இருந்தாலே போதும். மேலே பெரிய மரமும் கீழே வெறும் காப்பிக் கன்றும் உண்ணிச்செடியுமாக (லன்டானா) இருந்தால், அது பிள்ளையில்லாத காடு. இப்போது நிற்கிற மரங்களோடு முடிந்துவிடும். மரநாயும் குரங்கும் காப்பிப் பழத்தைத் தின்று கொட்டையைச் சோலைக்குள் போட்டுவிடும். நிழல் தாங்குகிற காப்பி உள்ளேயே காடாகிவிடும். அந்தக் கன்றுகளை வருடம் ஒருமுறை மழைக்குப் பின் வேரோடு பிடுங்குங்கள். உண்ணிச்செடியை ஓரத்திலிருந்து உள்ளே நோக்கி, ஒரே வருடத்தில் முழுக்க எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். திடீரென்று வெயில் இறங்கினால் அதுவே இரண்டு மடங்காக முளைத்து வரும்.

விட்டுப்போன இடத்தில் நடுவதானால் அந்தச் சோலையின் விதையையே பொறுக்கி, அங்கேயே பையில் போட்டு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ வளர்த்து நடுங்கள். கீழ்ப்பழநிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசியில் நட்டால் தை வரை ஈரம் நிற்கும். ஆனமலைப் பக்கத்து வழக்கத்தைப் பார்த்து ஆனியில் நடாதீர்கள்.

ஆனமலை என்றதும் வால்பாறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தில் 1890-களிலிருந்து மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். கம்பெனி நிலங்களுக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக மழைக்காடு மிஞ்சியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது வருடத்துக்கு மேலாக, ஒரு ஏக்கர்கூட விலைக்கு வாங்காமல், தோட்டக் கம்பெனிகளோடு பேசிப் பேசியே அந்தத் துண்டுகளை மீட்கிறார்கள். களையெடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர் மரவகைகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டிருக்கிறார்கள். நட்டு மீட்ட இடங்கள், அப்படியே விட்ட இடங்களைவிட வேகமாகக் காடாகின்றன என்பதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். புதுத்தோட்டம் துண்டு நூறு ஹெக்டேர்கூட இல்லை. நடுவில் ரோடு வேறு. அதில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. அவை ரோட்டில் இறங்கி அடிபடாமல் இருக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள்.

"ஒன்பது ஏக்கரில் என்ன வாழும்" என்று அண்ணன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். வால்பாறையில் இருவாச்சிப் பறவை இந்தத் துண்டுகளில் மட்டும் இருப்பதில்லை. நாட்டு மரங்களை நிழலுக்கு விட்ட காப்பித் தோட்டங்களின் வழியாகத்தான் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதனால் உங்கள் மீதி 29 ஏக்கரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அங்கே நிழலுக்கு நிற்கிற அத்தியையும் இச்சியையும் தான்றியையும் எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வைத்தால் சோலை தனித்துப்போகும். குடகில் வெட்டுவது சுலபம் என்பதற்காகவே நாட்டு மரத்தை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் வைத்தார்கள். மிளகு ஏற்ற அது வசதிதான், மறுக்கவில்லை. பாதி மரமாவது நாட்டு மரமாக இருக்கட்டும்.

உள்ளே விழுந்த மரத்தை எடுக்காதீர்கள். பொந்து விழுந்த கிழட்டு மரத்தை ஆபத்து என்று சாய்க்காதீர்கள். பறக்கும் அணிலுக்கும் ஆந்தைக்கும் பொந்து வேண்டும், அந்த அளவுப் பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு வருடமாவது ஆகும். ஊதுவத்திக்குக் குளமாவுப் பட்டை உரிக்க வருகிறவர்களைக் கவனியுங்கள். மின்வேலி போடவே போடாதீர்கள். காட்டுமாடு ஓடைக்கு வந்து போகட்டும். சோலைக்குள் குடில் கட்டி ஆள் தங்கவைத்து வருமானம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அன்றே முடித்துவிடுங்கள். பாதை, விளக்கு, கழிவுத்தொட்டி என்று ஆரம்பித்தால் 9 ஏக்கர் தாங்காது.

பளியர் பழங்குடிக் குடும்பங்கள் தேனுக்கும் கிழங்குக்கும் அந்தச் சோலைக்கு வருவது உண்டென்றால் அதை நிறுத்தாதீர்கள். உங்கள் தாத்தா பட்டா வாங்குவதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே நடக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மரங்களுக்கு இத்தனை லட்சம் பெறும் என்று கணக்குச் சொல்கிறவர்கள், வெட்ட அனுமதி கிடைக்காத மரத்தின் விலையைச் சொல்கிறார்கள். கார்பன் வரவு (மரம் உறிஞ்சும் கரியைக் கணக்கிட்டு விற்பது) என்று வருகிற தரகர்களிடமும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தச் சின்னப் பரப்புக்கு அளவீட்டுச் செலவே வருகிற காசைத் தின்றுவிடும். உண்மையான விலை நிலத்துக்குத்தான், அதுவும் ரிசார்ட்டுக்காரர் தருகிற விலை. அதை அண்ணனிடமும் தங்கையிடமும் மறைக்காமல் எடுத்து வையுங்கள். ஈடாகக் காப்பி நிலத்தைக் கொடுங்கள். ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்கிற உடன்பிறப்பு, பத்து வருடம் கழித்து வழக்கோடு வருவார்.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. ஒரு வெயில் நாளில் அப்பாவையும், அந்தச் சோலையை அறிந்த ஒரு பளியர் பெரியவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். மார்பளவில் ஆறு அடிச் சுற்றளவுக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் அளந்து, அவர்கள் சொல்கிற பெயரை எழுதி, போனில் இடக்குறியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுக்கண், எல்லைக்கல், பொந்து மரம் எல்லாம் அதில் வரட்டும். அந்தப் பட்டியல் பாகப்பத்திரத்தின் பின்னிணைப்பாகப் பதிவாக வேண்டும். நாளைக்கு "இங்கே மரமே இல்லையே" என்று ஒருவர் சொன்னால், அங்கே என்ன நின்றது என்று காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். அப்பா ஓடை வரை இறங்கி ஏற முடிகிறபோதே இதை முடித்துவிடுங்கள்.